ஏரிக்கரைக்கு ஆள் தயார்செய்தல்: சென்னையில் இயற்கைத் தன்னார்வலர் பயிற்சிக்கு முழுமையான வழிகாட்டி

சென்னையில் ஓர் ஏரியையோ கழிமுகத்தையோ பூங்காவையோ கவனித்துக்கொள்ளப் பெரியவர்களைத் திரட்டுவது கடினமில்லை. வாட்ஸ்அப்பில் ஓர் அறிவிப்பு போட்டால் முதல் ஞாயிறு ஐம்பது பேர்கூட வந்து நிற்பார்கள். ஐந்தாம் ஞாயிறு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதில்தான் பயிற்சியின் தரம் தெரியும்.

குழுக்கள் பெரும்பாலும் வரிசை பிசகுவதால்தான் கரைகின்றன. முதலில் சொற்பொழிவு, அடுத்து நூறு பெயர்கள் கொண்ட பட்டியல், அதற்கடுத்து குப்பை அள்ளுதல். கடைசிவரை ‘இந்த இடம் உங்கள் பொறுப்பு’ என்று யாருக்கும் எதுவும் கொடுக்கப்படுவதில்லை. வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். முதலில் ஆளுக்கொரு துண்டு நிலம், பிறகு பார்வை, பிறகு பெயர், பிறகு பதிவேடு, எல்லாவற்றுக்கும் கடைசியில் பேச்சு.

கீழே உள்ளது 15 பேர், 2 பயிற்றுநர்கள், 10 ஞாயிறுகள் என்ற கணக்கில் அமைந்த திட்டம். இதன் முடிவில் ஒவ்வொரு ஜோடியும் தன் பகுதியை மாதம் ஒருமுறை யார் துணையும் இல்லாமல் கணக்கெடுக்க வேண்டும். ஒரு பள்ளி வகுப்புக்கு ஒரு பாடவேளை நடத்தத் தெரிந்திருக்க வேண்டும்.

1. ஒரே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

பத்து வாரமும் ஒரே இடத்துக்குத்தான் போக வேண்டும். வாரத்துக்கு ஓர் இடம் என்று சுற்றினால் சுற்றுலாவாகிவிடும். போன வாரம் இருந்தது இந்த வாரம் இல்லை என்று ஒருவர் கவனிக்கத் தொடங்கும்போதுதான் அவர் பயிற்சி பெற்றவராகிறார். அதற்கு மண் மாறக் கூடாது.

இடத்துக்கு நான்கு தகுதிகள் வேண்டும். காலை ஆறு மணிக்குப் பேருந்திலோ மின்சார ரயிலிலோ வந்து சேர முடிய வேண்டும். ஒன்று முதல் ஒன்றரை கிலோமீட்டர் நடைபாதை இருக்க வேண்டும். தண்ணீர், மரம், வெட்டவெளி மூன்றும் கலந்திருக்க வேண்டும். பத்து நிமிட நடையில் கழிப்பறை இருக்க வேண்டும். கடைசித் தகுதியைப் பலர் கேட்பதே இல்லை. பெண்கள் மூன்றாம் வாரத்தில் சத்தமில்லாமல் நின்றுபோவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று அது.

சேத்துப்பட்டு ஏரி ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால் வசதி. பெசன்ட் நகர் கடற்கரையிலிருந்து உடைந்த பாலம் வரையிலான அடையாறு கழிமுகம் உயிர்வளம் மிக்கது. ஆனால் அங்கே சேற்றுத் திட்டுகள் வெளியே தெரியும் நேரம் கடல் ஏற்றவற்றத்தைப் பொறுத்தது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர்மட்ட வித்தியாசம் கூடும் என்பதால் வருகை நேரத்தை அதற்கேற்ப மாற்ற வேண்டியிருக்கும். கொரட்டூர், பெரும்பாக்கம் ஏரிகளும் ஏற்றவை.

எல்லோரும் முதலில் கேட்பது பள்ளிக்கரணையைத்தான். 2022இல் ராம்சார் தளமாக (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக) அறிவிக்கப்பட்ட சதுப்பு நிலம் அது, பரப்பு 1,247.54 ஹெக்டேர். அங்கே ஆறாம் வாரத்துக்குப் பிறகு ஒருநாள் போய்ப் பாருங்கள்; முதல் நாள் வேண்டாம். பறவைகள் தூரத்தில் இருக்கும், பைனாகுலர் பிடிக்கப் பழகாதவருக்கு வெள்ளைப் புள்ளிகள்தான் தெரியும். சதுப்பைப் பிளந்து போகும் 200 அடி சாலையின் இரைச்சலில் பயிற்றுநர் பேசுவதும் கேட்காது. முதல் அனுபவமே ஏமாற்றமாகிவிடும்.

2. அனுமதிக் கடிதம்: ஆள் சேர்க்கும் முன்பே

காப்புக்காடு, சதுப்பு நிலம் என்றால் வனத்துறை. மாநகராட்சிப் பூங்கா என்றால் மண்டல அலுவலகம். ஏரி என்றால் அது நீர்வளத் துறையிடம் இருக்கிறதா மாநகராட்சியிடம் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். தவறான அலுவலகத்துக்கு எழுதிய கடிதம் ஒரு மாதத்தை விழுங்கும்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. நாட்கள், நேரம், ஆட்களின் எண்ணிக்கை, பொறுப்பாளர் பெயர், நோக்கம். இவற்றோடு ‘என்ன செய்ய மாட்டோம்’ என்று ஒரு பத்தி எழுதுங்கள்: செடி பிடுங்க மாட்டோம், உயிரினங்களைப் பிடிக்க மாட்டோம், கூடுகளை நெருங்க மாட்டோம், டிரோன் பறக்கவிட மாட்டோம். அதிகாரிகளின் தயக்கம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். அதற்கு நீங்கள் முன்கூட்டியே பதில் சொல்லிவிடுகிறீர்கள். ஒப்புதல் வந்ததும் அதன் நகல் ஒவ்வொரு வாரமும் பயிற்றுநர் பையில் இருக்கட்டும். வாயிற்காவலர் மாறிக்கொண்டே இருப்பார்.

1972ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் பற்றித் தன்னார்வலருக்கு அரை மணி நேரம் போதும். அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது மிகச் சில செய்திகள்தான். பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது குற்றம். முட்டை எடுப்பதும் கூட்டைக் கலைப்பதும் வேட்டையாடுவதற்குச் சமமாகவே பார்க்கப்படும். கடலாமை முட்டையை அனுமதி பெற்றவர் தவிர வேறு யாரும் தொடக் கூடாது. அக்கம்பக்கத்தார் முதலில் கேட்கப்போவது கிளியைப் பற்றித்தான், அதனால் இதற்குப் பதில் தயாராக இருக்கட்டும்.

3. ஜூலை முதல் ஞாயிறு தொடங்குங்கள்

பலரும் டிசம்பரில் தொடங்குகிறார்கள், வலசைப் பறவைகள் வந்திருக்குமே என்று. புதியவருக்கு அதுதான் மிகக் கடினமான மாதம். உள்ளூர்ப் பறவைகளே தெரியாத நிலையில் வாத்துகளும் உள்ளான்களும் கூட்டமாக வந்து நின்றால் தலை சுற்றும். வடகிழக்குப் பருவமழையில் இரண்டு மூன்று ஞாயிறு கையைவிட்டுப் போகவும் செய்யும்.

ஜூலையில் இங்கே இருப்பவை பெரும்பாலும் இங்கேயே வாழ்பவை. ஆகஸ்ட் இறுதிக்குள் முப்பது பெயர்கள் மனதில் பதிந்துவிடும். அக்டோபரில் புதிதாக ஒன்று வந்து இறங்கினால், ‘இது நம்ம ஊர்ப் பறவை இல்லை’ என்று தானாகவே சொல்லிவிடுவார்கள். பள்ளிப் பயிற்சி ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் முதல் வாரத்தில் விழுவதால் காலாண்டுத் தேர்வுக்கு முன்பே முடிந்துவிடும்.

நேரம் காலை 6.15 முதல் 8.15 வரை. அதன் பிறகு அரை மணி நேரம் நிழலில் உட்கார்ந்து பதிவேடு எழுத வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் ஜூலை வெயிலில் யாருக்கும் எதுவும் ஏறாது.

4. பதினைந்து பேர், அதற்கு மேல் வேண்டாம்

ஒரு பறவையைக் காட்டும்போது பயிற்றுநரின் விரலை ஒரே சமயத்தில் ஏழெட்டுப் பேர்தான் பின்தொடர முடியும். இரண்டு பயிற்றுநர்களுக்குப் பதினைந்து பேர் என்பது அதனால்தான். கூடுதலாக வருபவர்களை அடுத்த ஆண்டுப் பட்டியலில் எழுதிவையுங்கள்.

சேரும் முன் தொலைபேசியில் மூன்று கேள்விகள் கேளுங்கள். பத்து ஞாயிறில் எட்டுக்காவது வர முடியுமா? வீடோ வேலையிடமோ ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கிறதா? பயிற்சிக்குப் பிறகு மாதம் இரண்டு மணி நேரம் தர முடியுமா? இரண்டாவது கேள்விதான் ஆளை நிறுத்திவைக்கும். தாம்பரத்திலிருந்து எண்ணூருக்கு ஒரு வருடம் தொடர்ந்து வருபவர் அரிது.

கேமராவையோ ஆங்கிலத்தையோ தகுதியாக வைக்காதீர்கள். குடியிருப்பின் காவலாளி, ஓய்வுபெற்ற தபால்காரர், பூ கட்டும் அம்மா, குப்பத்து மீனவர் எல்லோரும் வரட்டும். இரவு முழுக்க விழித்திருக்கும் காவலாளிக்கு ஆந்தை எந்தக் கிளையில் உட்காரும் என்பது தெரியும். மீனவருக்குக் காற்றும் நீரோட்டமும் தெரியும். அப்படிப்பட்டவரை ஒரு நாள் பாடம் சொல்ல அழைத்தால், அன்றைய கூலிக்குக் குறையாமல் மரியாதையாகக் கொடுத்துவிடுங்கள். கடலுக்குப் போகாத ஒரு நாள் அவருக்கு வருமானமில்லாத நாள்.

5. வாங்க வேண்டியவை

மூன்று பேருக்கு ஒன்று என்ற கணக்கில் ஐந்து பைனாகுலர்கள், 8×42 அளவில். எட்டு என்பது பெருக்கம், நாற்பத்திரண்டு என்பது முன்லென்ஸின் மில்லிமீட்டர் விட்டம். ‘பெரிதாகத் தெரியும்’ என்று 10×50 வாங்குவது வழக்கமான தவறு. அது கனமாக இருக்கும், கை நடுக்கத்தையும் சேர்த்துப் பெரிதாக்கும், பார்வைப் பரப்பும் குறுகும். புதியவர் பறவையைக் கண்டுபிடிப்பதற்குள் அது பறந்துவிடும்.

ஆளுக்கு ஒரு கெட்டி அட்டை நோட்டும் பென்சிலும். பேனா மை தூறலில் கரையும், வியர்வையில் பரவும். குழுவுக்கு 30 மீட்டர் அளவு நாடா ஒன்று, 10 மடங்கு கைலென்ஸ் மூன்று, வெள்ளை பிளாஸ்டிக் தட்டு இரண்டு, டீ வடிகட்டி இரண்டு (நீர்ப்பூச்சிகளுக்கு இதைவிட நல்ல வலை கிடையாது), ஒரு மீட்டர் சதுரமாக முடிச்சுப்போட்ட கயிறு ஐந்து, விசில், முதலுதவிப் பெட்டி, ஓ.ஆர்.எஸ். பொட்டலம் பத்து. தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டர், அவரவர் கொண்டுவர வேண்டும். மூடிய காலணி கட்டாயம்.

6. முதல் இரண்டு வாரம்: பெயர் சொல்லாதீர்கள்

எல்லாப் பயிற்றுநருக்கும் கைவராத கட்டம் இது. தெரிந்த பெயரைச் சொல்லாமல் இருப்பது அவ்வளவு கடினம். ஆனால் பெயர் கிடைத்த மறுநொடி புதியவர் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்.

முதல் ஞாயிறு வரைபடம். பாதையில் நூறு நூறு மீட்டராக ஏழு துண்டுகள் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் ஒரு ஜோடியிடம் ஒப்படையுங்கள். பதினைந்து பேர் என்பதால் ஒரு துண்டில் மட்டும் மூன்று பேர் இருப்பார்கள். தன் துண்டில் உள்ள ஒவ்வொரு மரம், கழிவுநீர் வந்து சேரும் குழாய், குப்பை மேடு, நாய்கள் படுக்கும் இடம், மின்கம்பம் எல்லாவற்றையும் அவர்கள் வரைய வேண்டும். படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. அந்த நூறு மீட்டர் ‘என்னுடையது’ என்ற எண்ணம் அன்றே வந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாம் ஞாயிறு பதினைந்து நிமிட மௌனம். அவரவர் துண்டில் ஓரிடத்தில் உட்கார்ந்து, கண்ணில் பட்டதை உருவமாக எழுத வேண்டும்: எவ்வளவு பெரிது (சிட்டுக்குருவி, மைனா, காகம், கோழி என்று ஒப்பிட்டு), அலகின் வடிவம், எங்கே நின்றது, என்ன செய்தது, எத்தனை. மூன்று முறை, வெவ்வேறு இடங்களில்.

அதன் பிறகு எழுதியதை வாசிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் யாராவது ஒருவர் இரண்டு பறவைகளை எழுதியிருப்பார்: கரையில் பழுப்புக் கோடுகளோடு குனிந்து நின்றது ஒன்று, வெள்ளையாகப் பறந்து போனது ஒன்று. இரண்டும் ஒரே குருட்டுக்கொக்குதான், மடையான் என்றும் சொல்வார்கள். உட்கார்ந்தால் மண்ணோடு மண்ணாக இருக்கும், சிறகை விரித்தால் வெள்ளை. இதை நீங்கள் முதலிலேயே சொன்னால் ஒரு தகவல். அவர்கள் குழம்பிய பிறகு சொன்னால் வாழ்நாளுக்கும் மறக்காது. குயிலும் அப்படித்தான். ஆண் கருப்பு, பெண் பழுப்பில் வெள்ளைப் புள்ளிகள். அதை வேறு பறவை என்றே நினைத்திருப்பார்கள்.

பைனாகுலர் பிடிக்கவும் இந்த வாரமே கற்றுக்கொடுங்கள். இரண்டு வட்டமும் ஒன்றாகத் தெரியும்வரை நடுக்கீலை மடக்க வேண்டும். வலக்கண்ணை மூடி, இடக்கண்ணுக்கு நடுச்சக்கரத்தால் தெளிவாக்க வேண்டும். பிறகு இடக்கண்ணை மூடி, வலப்பக்க வளையத்தைத் திருக வேண்டும். கண்ணாடி அணிபவர் கண்ணருகே உள்ள ரப்பர் வளையத்தை உள்ளே தள்ளிவிட வேண்டும். எல்லோரும் செய்யும் பிழை ஒன்று உண்டு: பறவையைக் கண்டதும் குனிந்து பைனாகுலரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து தேடுவது. கண் பறவையின் மேலேயே இருக்க, கருவிதான் கண்ணுக்கு வர வேண்டும். மின்கம்பத்து எண்ணை இருபது முறை இப்படிப் படிக்கச் செய்தால் பழகிவிடும்.

7. மூன்றாம் முதல் ஐந்தாம் வாரம்: முப்பது பெயர்கள்

பதினைந்து பறவைகள், எட்டு மரங்கள், ஐந்து வண்ணத்துப்பூச்சிகள், இரண்டு தும்பிகள். வாரத்துக்குப் பத்து. தமிழ்ப் பெயர்தான் முதலில். அவர்கள் வீட்டில் வேறு பெயர் வழங்கினால் அதையும் நோட்டில் எழுதட்டும்.

தனித்தனியாகக் கற்றுக்கொடுக்காமல், குழப்பும் ஜோடிகளாகக் கொடுங்கள். புதியவர் சறுக்குவது ஒரு பறவையில் அல்ல, இரண்டுக்கும் இடையில்.

சாம்பல் கழுத்து இருந்தால் வீட்டுக் காகம். உடல் முழுக்கக் கருப்பும் தடித்த அலகும் என்றால் அண்டங்காக்கை. அலகு கருப்பு, கால்விரல் மஞ்சள் என்றால் சின்னக் கொக்கு. அலகு மஞ்சள் என்றால் உண்ணிக்கொக்கு. அலகு நுனி கொக்கியாக வளைந்திருந்தால் நீர்க்காகம். கத்திபோல் நேராக இருந்து, கழுத்தும் பாம்புபோல் நீண்டிருந்தால் பாம்புத்தாரா. கருத்த உடலில் நெற்றி வெள்ளையாக இருந்தால் நாமக்கோழி. நெற்றி சிவந்து அலகு நுனி மஞ்சளாக இருந்தால் தாழைக்கோழி.

வண்ணத்துப்பூச்சியில் ஒரு ஜோடி போதும், மற்றவை தானாக வரும். கறிவேப்பிலை அழகியின் பெண் பூச்சிகளில் ஒரு பகுதி, பறவைகள் தின்ன விரும்பாத நச்சுப் பூச்சியைப் போலவே கருப்பும் சிவப்புமான சிறகு கொண்டிருக்கும். சிறகைப் பார்த்தால் ஏமாந்துபோவோம், உடலைப் பார்க்க வேண்டும். ஆடுதீண்டாப்பாளைச் செடியைத் தின்று வளரும் நச்சுப் பூச்சிக்கு உடலும் சிவப்பு. நகலுக்கு உடல் கருப்பு. இதைக் கண்டுகொண்டவர் அதற்குப் பிறகு எதையும் மேலோட்டமாகப் பார்ப்பதில்லை.

மரங்களில் மிக முக்கியம் கருவேலமும் சீமைக் கருவேலமும். பூ மஞ்சள் உருண்டையாகவும் காய் மணிமாலைபோல் இடுக்கு விழுந்தும் இருந்தால் நாட்டுக் கருவேலம். பூ வெளிர்மஞ்சள் கதிராக நீண்டு தொங்கினால் சீமைக் கருவேலம். இந்த வேறுபாடு தெரியாமல் அரிவாளோடு இறங்கும் குழு நல்ல மரத்தை வெட்டிவிட்டு வரும். சீமைக் கருவேலமாகவே இருந்தாலும், கொக்குகள் கூடு வைத்திருக்கிறதா என்று பார்க்காமலும் அனுமதி இல்லாமலும் ஒரு கிளையைக்கூடத் தொடக் கூடாது.

மரம் நட வேண்டும் என்ற ஆசை இந்தக் கட்டத்தில் எழும். ஏரிக்கரை வெட்டவெளியாக இருப்பதே சில பறவைகளுக்குத் தேவை. ஆள்காட்டி தரையில்தான் முட்டையிடும். தன் துண்டை ஒரு வருடம் பார்த்த பிறகுதான் எங்கே நடலாம், எங்கே கூடாது என்று முடிவெடுக்க வேண்டும். 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் சாய்த்த மரங்களை நினைவில் வைத்து, வேகமாக வளரும் அயல் மரங்களை விட்டு, புங்கன், பூவரசு, நாவல், பனை என்று தேர்ந்தெடுக்கட்டும்.

8. ஆறாம், ஏழாம் வாரம்: பதிவேடு

தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், வானிலை, துண்டின் எண், உயிரினம், எண்ணிக்கை, செய்துகொண்டிருந்தது, பார்த்தவர் பெயர். இந்த ஒன்பது கட்டங்களுக்கு மேல் வேண்டாம். கட்டங்கள் கூடினால் எழுதுவது குறையும்.

நேரத்தை ஏன் எழுத வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள். பத்து நிமிடத்தில் ஐந்து மீன்கொத்தி என்பதும் இரண்டு மணி நேரத்தில் ஐந்து என்பதும் ஒன்றல்ல. நேரமில்லாத எண்ணிக்கையை அடுத்த ஆண்டோடு ஒப்பிட முடியாது.

‘நிறைய’ என்ற சொல்லுக்கு நோட்டில் இடமில்லை. கூட்டம் பெரிதாக இருந்தால் முதலில் பத்துப் பறவையை எண்ணி, அவை எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்று கண்ணில் பதித்துக்கொண்டு, அந்த அளவுத் துண்டுகளாகக் கூட்டத்தைப் பிரித்து எண்ண வேண்டும். ஒரு தட்டில் அரிசியை இறைத்து, ஐந்து விநாடி காட்டி மூடி, எத்தனை என்று ஊகிக்கச் சொல்லுங்கள். பிறகு எண்ணிப் பார்க்கட்டும். முதல் தடவை பெரும்பாலானோர் குறைத்தே சொல்வார்கள். ஆறேழு முறையில் கண் திருந்திவிடும்.

ஒன்றும் இல்லாத நாளையும் எழுத வேண்டும். ‘இன்று நாமக்கோழி 0’ என்பதும் தகவல்தான். ஏரியில் ஏதோ நடந்திருக்கிறது என்பதை முதலில் சொல்லப்போவது அந்தப் பூஜ்யம்தான். புதியவர்கள் வெறுங்கையோடு வந்ததாக வெட்கப்பட்டு அந்த நாளை விட்டுவிடுகிறார்கள்.

இரண்டு துண்டுகளின் எல்லையில் நிற்கும் பறவையை இரு ஜோடிகளும் எண்ணிவிடுவது இன்னொரு பிழை. எல்லோரும் ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே திசையில் நடந்தால் இது பெருமளவு குறையும். பிறகு ஒருவர் மொத்தத்தையும் பறவைப் பதிவுகளுக்கான இணையதளமான இபேர்டில் ஏற்றலாம். ஆந்தைக் கூடு, குஞ்சு பொரிக்கும் இடம் போன்றவற்றின் சரியான இருப்பிடத்தை மட்டும் எந்தப் பொதுத்தளத்திலும் போடக் கூடாது. மறுநாள் பத்து கேமராக்கள் வந்து நிற்கும், தாய்ப்பறவை கூட்டை விட்டுவிடும்.

கட்டடக் கழிவு கொட்டுவதையோ கழிவுநீர் லாரியையோ பார்த்தால் தேதி, நேரம், இடம் எழுதி, பாதுகாப்பான தூரத்திலிருந்து படம் எடுத்து, மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் பதிந்து, புகார் எண்ணையும் நோட்டில் எழுத வேண்டும். லாரி ஓட்டுநரோடு நேரில் வாக்குவாதம் கூடவே கூடாது. இதை எழுத்தில் உறுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

9. பாதுகாப்பு: எட்டாம் வாரம் முழுவதும்

கையேட்டில் ஒரு பக்கமாகப் போட்டுவிட்டு நகரக் கூடாது. செய்துகாட்டிப் பழக்க வேண்டும்.

பாம்பு. ஏரிக்கரையில் அடிக்கடி தெரிவது சாரையும் தண்ணீர்ப்பாம்பும், இரண்டுக்கும் நஞ்சில்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் படத்தில் அடையாளம் காணப் பழக்குங்கள். ஆனால் யாரும் எதையும் பிடிக்கக் கூடாது. வீட்டுக்குள் வந்துவிட்டால் வனத்துறைக்கோ தீயணைப்புத் துறையின் 101க்கோ சொல்ல வேண்டும். கடித்துவிட்டால்: உட்கார வைத்து, மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றி, கடிபட்ட கை காலை அசையாமல் கட்டையோடு தளர்வாகக் கட்டி, 108ஐ அழைத்து, கடித்த நேரத்தைக் குறிக்க வேண்டும். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது மூன்றும் கேடு. பாம்பை அடித்துக் கொண்டுபோகத் தேவையில்லை. இங்கே கிடைக்கும் நஞ்சுமுறிவு மருந்து அந்த நான்குக்கும் பொதுவானது.

தண்ணீர். கூவத்திலும் அடையாற்றிலும் பல ஏரிகளிலும் கழிவுநீர் கலக்கிறது. காலில் வெட்டுக்காயம் இருப்பவர் இறங்கினால் எலிக்காய்ச்சல் வரலாம். டீ வடிகட்டிப் பயிற்சியைக் கரையிலிருந்தபடி, கையுறையோடு மட்டும் செய்யுங்கள். கடற்கரையில் கணுக்காலுக்கு மேல் யாரும் இறங்கக் கூடாது.

வெயில். பேச்சு குழறுவது, வியர்வை நின்றுபோவது, தலைசுற்றல் இவை தெரிந்தால் நடை அங்கேயே நிற்க வேண்டும். ஒருவருக்காக எல்லோரும் திரும்பலாம், தவறில்லை.

10. ஒன்பதாம் வாரம்: குழந்தைகள் முன் நிற்பது

ஒரு பாடவேளை நாற்பது நிமிடம், ஒரு வகுப்பில் நாற்பது குழந்தைகள். தலைமையாசிரியரிடம் இரண்டு வாரம் முன்பே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பசுமைப் படை (மாணவர்களின் சுற்றுச்சூழல் மன்றம்) உள்ள பள்ளி என்றால் அதன் பொறுப்பாசிரியரோடு சேர்ந்து திட்டமிடுவது எளிது.

குழந்தைகளோடு நடந்துகொள்ளும் முறையை முதலில் சொல்லுங்கள், பாடத்தைப் பிறகு. எந்தத் தன்னார்வலரும் ஒரு குழந்தையோடு தனியாக இருக்கக் கூடாது. ஆசிரியர் எப்போதும் உடனிருக்க வேண்டும். படம் எடுக்கப் பள்ளியின் அனுமதி வேண்டும். கைபேசி எண் பரிமாற்றம் கிடையாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தைப் பற்றி ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இதை ஏற்காதவர் கணக்கெடுப்போடு நிற்கட்டும்.

பாடம் இப்படி: ஐந்து நிமிடம் வகுப்பில் ஒரே ஒரு கேள்வி. ‘உங்கள் பள்ளியில் எத்தனை வகை உயிர்கள் இருக்கின்றன?’ பலகையில் ஊகத்தை எழுதுங்கள். இருபது நிமிடம் வெளியே, எட்டுப் பேர் கொண்ட ஐந்து குழுக்கள், குழுவுக்கு ஒரு கயிற்றுச் சதுரமும் ஒரு கைலென்ஸும் ஒரு தன்னார்வலரும். இதற்குப் பக்கத்துக் குழுவிடமோ பள்ளியிடமோ இன்னும் இரண்டு லென்ஸ் இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் ஒவ்வொரு குழுவும் கண்டதைச் சொல்ல, கடைசி ஐந்து நிமிடம் ஊகத்தோடு ஒப்பிடுதல். சிமெண்ட் முற்றத்தின் விரிசலில்கூட எறும்பு, பாசி, புல், சிலந்தி என்று ஆறேழு வகை தேறும்.

பள்ளியில் கறிவேப்பிலையோ எலுமிச்சையோ இருந்தால் கயிறு வேண்டியதில்லை. இளம் இலைகளில் பறவை எச்சம் போன்ற சின்னப் புழுவையும், வளர்ந்த பச்சைப் புழுவையும் தேடச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே பூச்சியின் வெவ்வேறு வயது என்று தெரியும்போது குழந்தைகள் முகத்தைப் பார்க்க வேண்டும். முடி அடர்ந்த கம்பளிப்பூச்சியைத் தொடக் கூடாது என்பதை மட்டும் வெளியே போகும் முன்பே சொல்லிவிடுங்கள்.

தன்னார்வலர்கள் இங்கே திரும்பத் திரும்பச் செய்யும் தவறு ஒன்றுதான்: தாங்களே பேசிக்கொண்டிருப்பது. குழந்தை ‘இது என்ன?’ என்றால் பெயரைச் சொல்லாமல் ‘எத்தனை கால் இருக்கு, எண்ணிப் பாரு’ என்று திருப்பிக் கேட்கப் பழக்குங்கள். உலகமே அழிகிறது என்று பயமுறுத்துவதும் வேண்டாம். பத்து வயதுக் குழந்தையால் சரிசெய்ய முடியாத ஒன்றை அதன் தோளில் ஏற்றக் கூடாது.

கூகை கத்தினால் சாவு வரும், பாம்பு பால் குடிக்கும் என்றெல்லாம் குழந்தைகள் சொல்வார்கள். அது வீட்டில் பாட்டி சொன்னது. கேலி செய்தால் பாட்டியைக் கேலி செய்ததாகிவிடும். ‘கூகை ராத்திரி என்ன சாப்பிடும்?’ என்று கேளுங்கள். எலி என்ற பதில் வந்ததும் பேச்சு தானாக வேறு பக்கம் திரும்பும்.

11. பத்தாம் வாரம்: அவர்கள் நடத்தட்டும்

பயிற்றுநர்கள் பின்வரிசையில் நடக்க, ஒவ்வொரு ஜோடியும் தன் நூறு மீட்டரைப் புதிய விருந்தினர்களுக்குப் பத்து நிமிடத்தில் காட்ட வேண்டும். உறவினர், பக்கத்து வீட்டார் யாராக இருந்தாலும் சரி. தவறாகப் பெயர் சொன்னாலும் நடுவில் குறுக்கிடாதீர்கள். முடிந்த பிறகு தனியாக இரண்டு விஷயம் மட்டும் சொல்லுங்கள்: எதை அப்படியே வைத்துக்கொள்ளலாம், எதை மாற்ற வேண்டும். ஐந்து குறை சொன்னால் ஒன்றும் நிற்காது.

தெரியாததைத் தெரியாது என்று விருந்தினரிடம் சொன்னவரே தேறியவர். ஊகித்துப் பெயர் சொன்னவருக்கு இன்னும் இரண்டு ஞாயிறு கொடுங்கள்.

12. பயிற்சி முடிந்த மறுவாரமே பொறுப்புப் பட்டியல்

ஒரு மாதம் இடைவெளி விட்டால் பாதிப் பேர் கழன்றுவிடுவார்கள். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு என்று ஒரு நாளை ஆண்டு முழுவதும் உறுதிசெய்யுங்கள். ஜோடியில் ஒருவர் வராவிட்டால் பக்கத்துத் துண்டுக்காரர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதைப் பட்டியலிலேயே எழுதுங்கள். உடல்நலம், வீட்டு விசேஷம் என்று விடுப்பு எடுப்பவர் குற்ற உணர்ச்சியில் மொத்தமாக நின்றுபோகாமல் இருக்க இதுவே வழி.

ஜனவரியில் பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் குழுவாகக் கலந்துகொள்ளுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடும் காலம். நீலாங்கரை, பெசன்ட் நகர் கரைகளில் 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு இரவு நடை போகிறது. விருப்பமுள்ளவர்கள் அனுமதி பெற்ற இத்தகைய அமைப்போடு மட்டுமே போக வேண்டும். டார்ச்சும் ஃபிளாஷும் கூடாது. ஒரு குழியில் நூறுக்கு மேல் முட்டைகள் இருக்கலாம், பொரிக்க ஏறத்தாழ 45 முதல் 55 நாள் ஆகும். வெளியே வரும் குஞ்சுகள் வெளிச்சமான திசையைக் கடல் என்று நம்பி ஓடும். தெருவிளக்கு அவற்றைச் சாலைக்கு இழுத்துவிடும்.

நோட்டுகளை மார்ச் மாதம் ஒருமுறை வாங்கி, பக்கம் பக்கமாகக் கைபேசியில் படமெடுத்துச் சேமித்துவிட்டு உரியவரிடமே திருப்பிக் கொடுங்கள். ஒருவர் வீடு மாறிப் போனால், அவருடைய வரைபடமும் நோட்டின் நகலும் அந்த நூறு மீட்டருக்கு அடுத்து வருபவரின் கைக்கு முதல் நாளே போய்ச் சேர வேண்டும்.